பால்புதுமை இளையோரும் சமூக ஆதரவும்: இலங்கைத் தமிழ்ச் சூழல் பற்றிய சில குறிப்புகள்

ஈழத்துத் தமிழ் இளைஞர் பற்றிய ஆய்வுகள் கல்வி, வேலையின்மை, போர், புலப்பெயர்வு, சீதனம் ஆகிய பொருள்களை மையமாகக் கொண்டே பெரும்பாலும் அமைந்து வந்துள்ளன. அவை யாவும் இன்றியமையாதனவே. ஆயின், அவ்விளைஞருள் ஒரு பகுதியினர் தம் பாலீர்ப்புக் காரணமாகவோ பால் அடையாளங் காரணமாகவோ வீட்டிலும் பாடசாலையிலும் தொழிலிடத்திலும் எதிர்கொள்ளும் தனிமை பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகச் சிலவே. அத்தகைய ஓர் இளைஞனோ யுவதியோ உதவி நாடும்பொழுது எங்கே செல்வது, யாரிடம் பேசுவது, எந்தச் சொற்களாற் பேசுவது என்னும் மூன்று வினாக்கள் எழுகின்றன. இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்குத் தடையாகவுள்ள சமூகக் காரணிகளையும், இதுவரை தோன்றியுள்ள ஆதரவு நிறுவனங்களின் இயல்பையும் நோக்குவதே ஈண்டு நாம் மேற்கொள்ளும் முயற்சியாகும்.

மூன்றாவது வினாவையே முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழ்ச் சங்கமொன்றின் ஏட்டில் அதற்கு முன்னுரிமை அளிப்பது பொருத்தமே. ஆண், பெண் என்னும் இருபாற் பகுப்பினுள் அடங்காதோரைப் பற்றிய பிரக்ஞை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களுக்குத் தமக்கெனத் தனி ஈறு இல்லையென்றும், அவை உயர்திணைக்குரிய பாலீறுகளைக் கொண்டே முடியுமென்றும் விதி வகுத்தார். இலக்கண நோக்கில் இது சிறிய செய்தி. சமூக நோக்கில் அத்துணைச் சிறியதன்று. இவர்கள் உயர்திணை என்பதில் அவருக்கு ஐயமிருக்கவில்லை. சிலப்பதிகாரம் கூறும் பதினோராடல்களுள் காமன் ஆடிய பேடியாடலும் ஒன்று. ஆயினும் இத்தகைய சான்றுகளைக் காட்டி, பண்டைத் தமிழகம் இவர்களைச் சமமாக ஏற்றிருந்தது என வாதிடுவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. அவையஞ்சுவான் கற்ற நூலுக்குப் போர்க்களத்திற் பேடியின் கைவாளைத் திருக்குறள் உவமையாக்குகின்றது. அவ்வுவமையின் பின்னால் ஏளனம் உண்டு. (இவ்விடயத்தில் அவையஞ்சி வாய்மூடியிருந்த கற்றோர் நம்மிடையே பலர் என்பது வேறு கதை.) சொல் இருந்தது, இடமும் ஒருவகையில் இருந்தது, மதிப்பு இருந்ததெனக் கூறல் இயலாது.

பெண்ணொருத்தி பெண்ணையும் ஆணொருவன் ஆணையும் விரும்புவதைக் குறிப்பதற்கு நம் வழக்கில் இழிசொற்களே அண்மைக்காலம் வரை இருந்தன. திருநரைக் குறிக்க ‘அலி’ என்பதும், ஓர் எண்ணைச் சொல்லி எள்ளுவதும் பாடசாலை மைதானங்களிற் சர்வசாதாரணம். இந்நிலையை மாற்றும் முயற்சி தமிழகத்திலேயே கூடுதலாக நிகழ்ந்துள்ளது. கூவாகத்து அரவான் வழிபாட்டினடியாகப் பிறந்த ‘அரவாணி’ என்ற சொல் முதலில் வழங்கிற்று. 2008ஆம் ஆண்டில் தமிழக அரசு அமைத்த நலவாரியமும் அப்பெயரையே கொண்டிருந்தது. பின்னர் ‘திருநங்கை’, ‘திருநம்பி’ என்பன நிலைபெற்றன. தமிழ்த் திருநங்கையரின் சொந்தக் குரல் நூல்வடிவம் பெற்றதும் ஏறக்குறைய இக்காலத்திலேயாம். ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ ஆகியவற்றை இங்குக் குறிப்பிடலாம். 2021 ஜூன் 7ஆந் திகதி சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்றின் தொடர்ச்சியாக, பத்திரிகைகளும் அரச அலுவலகங்களும் பயன்படுத்தத்தக்க கண்ணியமான சொற்களின் பட்டியலொன்று 2022இல் தமிழக அரசிதழில் வெளியாயிற்று. இக்கட்டுரையில் நாம் கையாளும் பால்புதுமையினர், திருநர் முதலிய சொற்கள் இவ்வழக்கைத் தழுவியவையே.

இச்சொல்லாராய்ச்சி எதற்கு என வினவலாம். உதவி கேட்பதற்குச் சொல் வேண்டும். கொழும்பிலே ஆங்கிலக் கல்வி பெற்ற நடுத்தர வர்க்கத்து இளைஞன் தன் நிலையை ஆங்கிலச் சொல்லொன்றாற் கூறிவிடுகின்றான். அச்சொல் அவனைத் தாழ்த்துவதில்லை, ஓர் உலகளாவிய கூட்டத்துடன் இணைக்கின்றது. ஷியாம் செல்வதுரை 1994இல் எழுதிய நாவல், எண்பதுகளின் இனக்கலவரச் சூழலில் ஒருபாலீர்ப்புடைய தமிழ்ச் சிறுவனொருவன் வளர்ந்த கதையைச் சொல்கின்றது. ஆனால் அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. கிளிநொச்சியிலோ மூதூரிலோ அட்டனுக்கு அணித்தான தோட்டமொன்றிலோ உள்ள ஒருவனுக்கு முதலிற் கிடைக்கும் சொல் வசையே. தன்னைத் தான் குறிப்பிட வசையொன்றைத் தவிர வேறு சொல்லில்லாதவன் வைத்தியரின் முன்னே மௌனமாகவே இருப்பான். ஆதரவு என்பது வர்க்கத்தையும் மொழியையும் பொறுத்து வேறுபட்டுக் கிடைக்கும் பண்டமாக இருக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

அடுத்துச் சட்டம். ‘நம் கலாசாரத்துக்கு ஒவ்வாதது’ என்று கூறப்படும் இவ்விடயத்தைக் குற்றமாக்கிய விதி நம் கலாசாரத்திலிருந்து பிறக்கவில்லை. பிரித்தானிய ஆட்சியில் ஆக்கப்பட்ட 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு ‘இயற்கை ஒழுங்குக்கு மாறான’ புணர்ச்சியைத் தண்டிக்கின்றது. 365அ பிரிவு, இங்கிலாந்தில் 1885ஆம் ஆண்டு இயற்றப்பட்ட திருத்தச் சட்டத்தின் ‘பாரதூரமான இழிசெயல்’ என்ற கருத்தை ஏறத்தாழ அப்படியே கொண்டது. இங்கிலாந்து 1967இல் இவ்விதியைத் தளர்த்தத் தொடங்கிற்று. இலங்கையோ 1995ஆம் ஆண்டின் திருத்தத்தில் எதிர்த்திசையிற் சென்றது. 365அ பிரிவில் ஆணைக் குறித்த சொல் நீக்கப்பட்டுப் பொதுச்சொல் இடப்பட்டமையால் அதுகாறும் குற்றவாளிகளாகாத பெண்களும் அதனுள் அடங்கினர். பால்நிலைச் சமத்துவம் இவ்வாறும் வரலாம் போலும்! திருநரைப் பொறுத்தவரை ஆள்மாறாட்டம் பற்றிய 399ஆம் பிரிவும், 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் பொலிசாரின் கையிற் கருவிகளாகப் பயன்பட்டு வந்தமையை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2016இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டிற்று.

எனினும் சட்டத்தின் நிலை முழுவதும் இருளன்று. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையில் பாலீர்ப்பு என்ற சொல் இல்லாவிடினும், அவ்வுறுப்புரையின் பாதுகாப்பு இவர்களுக்கும் உரியதே என இலங்கை அரசு 2014இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவின் முன் கூறிற்று. 2016இல் வழக்கொன்றில் உயர் நீதிமன்றம், வயதுவந்தோர் இருவரின் இசைவோடு நிகழ்வதன் பொருட்டுச் சிறைத்தண்டனை விதிப்பது பொருத்தமற்றது எனக் கருதியது. ஆயினும் விதி இருக்கின்றது என்பதாற் குற்றத்தீர்ப்பை நீக்கவில்லை. 2022இல் பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு, ரொசானா பிளேமர் கல்தேரா முறையிட்ட விடயத்தில், பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கியமை உடன்படிக்கையை மீறுவதெனத் தீர்மானித்தது. பிரேம்நாத் தொலவத்த கொணர்ந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதம் உயர் நீதிமன்றத்தின் தீர்மானம் பாராளுமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது. அச்சட்டமூலம் நிறைவேறுமுன்னரே 2024இற் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.

இளையோருக்கு இவற்றுள் முக்கியமானது ஒன்றுண்டு. மேற்கூறிய பிரிவுகள் தண்டிப்பது செயலொன்றையே. ஒருவர் இன்னார் என்றிருப்பதையன்று. ஆலோசனை கேட்பதும், ஆலோசனை வழங்குவதும், நண்பர் கூட்டமொன்றிற்குச் செல்வதும், நூலொன்றை வைத்திருப்பதும் அவற்றின்கீழ்க் குற்றமாகா. இதை அறியாமையினால் உதவி நாடாதோரும் உளர். இதை அறியாமையினால் உதவி மறுக்கும் ஆசிரியரும் உளர். அச்சுறுத்திப் பணம் பறிப்போர் இவ்வறியாமையையே முதலாகக் கொண்டு தொழில் நடத்துகின்றனர். அச்சுறுத்திப் பறித்தலே தண்டனைச் சட்டக்கோவையிற் குற்றம் என்பது அவர்களாற் பாதிக்கப்படுவோருக்குப் பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுவதில்லை.

சட்டத்தைக் காட்டிலும் வலிய தடை குடும்பம். இங்கே ‘தமிழ்க் குடும்பம் அன்பு மிக்கது’, ‘தமிழ்க் குடும்பம் அடக்குமுறையானது’ என்னும் இருவகை வாய்பாடுகளும் பயன்தரா. குடும்பத்தின் பொருளியல் அடிப்படையை நோக்குதல் வேண்டும். 1707இல் ஒல்லாந்தராற் தொகுக்கப்பட்ட தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தைப் பகுத்து, அதன் கைமாற்றத்தைத் திருமணத்தோடு பிணைத்திருந்தது. பிற்காலச் சட்டங்கள் இவ்வமைப்பைப் பலவாறு மாற்றினும், திருமணமே சொத்தும் அந்தஸ்தும் கைமாறும் வாயில் என்ற நிலை யாழ்ப்பாணச் சமூகத்திற் பெரிதும் மாறவில்லை. தமையன் உழைத்துத் தங்கையருக்குச் சீதனம் தேடுகின்றான். மூத்தவள் ‘கரையேறிய’ பின்பே இளையவளின் பேச்சு எழுகின்றது. சாதியும் குடும்பப் பெயரும் தரகரின் வாயில் விசாரிக்கப்படுகின்றன. இச்சங்கிலியில் ஒரு கண்ணி திருமணத்தை மறுக்குமாயின் ஏனைய கண்ணிகள் அனைத்தும் ஆட்டங் காண்கின்றன. ‘உன் தங்கச்சியை ஆர் கட்டுவினம்?’ என்று தாயொருத்தி கேட்பதில் அறியாமை மட்டுமன்று, கணக்கும் இருக்கின்றது. அக்கணக்கைப் புரிந்துகொள்ளாமல் அவளைப் பிற்போக்குவாதி என்று ஒதுக்குவது எளிது. அதனால் அவளுடைய பிள்ளைக்கு எப்பயனுமில்லை.

இதனோடு போரின் விளைவுகளையும் சேர்த்தெண்ணுதல் வேண்டும். பிள்ளைகளுள் ஒருவரையோ இருவரையோ இழந்த வீட்டில் எஞ்சிய பிள்ளையின் மீது சுமத்தப்படும் எதிர்பார்ப்பு சாதாரணமானதன்று. ஆண்மை என்பதை வீரத்தோடு மட்டுமே இணைத்து நோக்கப் பழகிய தலைமுறையொன்று பெற்றோராகியுள்ளது. மீள்குடியேறிய கிராமங்களில் ஒருவர் எங்கே போகின்றார், யாருடன் பேசுகின்றார் என்பது எல்லோருக்கும் தெரியும். நகரம் தரும் முகமறியாமை அங்கில்லை. புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பும் பணத்தில் வாழும் வீட்டுக்கு ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் கண்காணிப்பும் கிடைக்கின்றது.

இனி, சமூக ஆதரவு என்பது நடைமுறையில் யாது என்பதை நோக்குவோம். மேலைநாடுகளில் இது அரசின் கொடையாகத் தோன்றவில்லை. சிறுசிறு கூட்டங்கள் தம் கையிலிருந்ததைக் கொண்டு தொடங்கியவையே பின்னர் நிறுவனங்களாயின. இலண்டனில் 1974 மார்ச்சில் ஒரு புத்தகக் கடையின் மேல்மாடியில் தொலைபேசியொன்றை வைத்துக்கொண்டு தொண்டர்கள் தொடங்கிய தகவற் சேவை இன்றும் நடைபெறுகின்றது. அவர்கள் செய்தது எளிய காரியம்: தங்குமிடம் எங்குண்டு, எந்த வைத்தியர் ஏளனஞ் செய்யமாட்டார், எந்தச் சட்டத்தரணி வழக்கை ஏற்பார் என்னும் விபரங்களைத் திரட்டி, அழைத்தவருக்குச் சொன்னார்கள், எஞ்சிய நேரத்திற் செவிமடுத்தார்கள். நியூயோர்க்கில் 1972 ஏப்ரலிலே மகன் தாக்கப்பட்டதைக் கண்டு கொதித்த ஜீன் மன்போர்ட் என்னும் பாடசாலை ஆசிரியை பத்திரிகைக்குக் கடிதமெழுதினார். அவ்வாண்டு ஜூன் மாத ஊர்வலத்தில் மகனோடு பதாகை தாங்கி நடந்தார். வழியிற் பலர் தம் பெற்றோரிடம் பேசுமாறு அவரை வேண்டினராம். 1973 மார்ச்சில் ஒரு மெதடிஸ்த தேவாலயத்தில் இருபது பேரளவிற் கூடிய பெற்றோர் கூட்டம் அதன் விளைவு. மான்செஸ்டரில் 1989இல், பராமரிப்பு இல்லத்தில் வளர்ந்து பதினாறு வயதில் இறந்த அல்பேட் கென்னடி என்னும் சிறுவனின் பெயரால் அறநிலையமொன்று தோன்றிற்று; வீட்டிலிருந்து விரட்டப்பட்ட இளையோருக்கு, அவர்களை ஏற்கும் பெரியவர்களின் வீடுகளில் இடந்தேடித் தருவதே அதன் பணி.

தொலைபேசி, பெற்றோர், வீடு. இம்மூன்றுள்ளும் நம் சூழலுக்கு மிக வேண்டியது இரண்டாவதே என்பது நம் கருத்து. இதற்கு ஆய்வாதாரமும் உண்டு. கலிபோர்னியாவில் கெயிற்லின் றையனும் அவர்தம் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 21 முதல் 25 வயது வரையான 224 பேரிடம் இளமைக்காலத்திற் குடும்பம் அவர்களை நடத்திய விதம் பற்றி வினவப்பட்டது. குடும்பத்தால் மிகுதியாகப் புறக்கணிக்கப்பட்டோர், புறக்கணிப்பு இல்லாத அல்லது குறைந்த குடும்பத்தினரைவிட 8.4 மடங்கு கூடுதலாகத் தற்கொலை முயற்சியைத் தெரிவித்திருந்தனர். சிறிய மாதிரி, அந்நிய நாடு, எனவே எண்ணை அப்படியே இங்குப் பொருத்த முனைவது தவறு. ஆயினும் அக்குழுவினர் கண்ட பிறிதொரு செய்தி நமக்குப் பயன்படும். பிள்ளையை மாற்ற முயன்ற பெற்றோர் பலர் வெறுப்பினால் அவ்வாறு செய்யவில்லை. பிள்ளை நன்றாக வாழவேண்டும் என்னும் கவலையினாலேயே செய்தனர். கண்டிப்பும், நண்பரைச் சந்திக்கவிடாது தடுத்தலும், ‘இதைப்பற்றி இனி இந்த வீட்டிற் கதைக்கக் கூடாது’ என்றலும் அவர்களுக்குப் பாதுகாப்பாகத் தோன்றின. பிள்ளைக்கோ அவை கைவிடப்படுதலாயின.

நம் நாட்டிலே தற்கொலை வீதம் 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்னும் அளவுக்கு உயர்ந்து, கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்ட பின் தணிந்தமை பலரும் அறிந்ததே. பொலிசார் பேணும் பதிவுகளில் இறப்புக்கான காரணங்கள் காதல் விவகாரம், குடும்பத் தகராறு, நோய் என வகுக்கப்படுகின்றன. அவ்வகைகளுள் எதனுள் இவ்விளையோர் ஒளிந்திருக்கின்றனர் என்று கூற எவராலும் இயலாது. பதிவில் இடமில்லாத துன்பம் கொள்கை வகுப்போரின் கண்ணிலும் படுவதில்லை.

இலங்கையில் ஒழுங்கமைந்த ஆதரவு முயற்சிகள் தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலே தொடங்கின. 1995இல் ஷேர்மன் டி றோஸ் கொழும்பில் அமைத்த ‘கொம்பானியன்ஸ் ஒன் எ ஜேர்னி’ அவற்றுள் முன்னோடி. 1999இல் பெண்களுக்கான ஆதரவுக் குழுவொன்று உருவாயிற்று. அக்காலச் சூழல் எத்தகையது என்பதை ஒரு சம்பவம் உணர்த்தும். பெண்களை விரும்பும் பெண்கள் மீது வன்புணர்வுக் குற்றவாளிகளை ஏவிவிட வேண்டும் என்ற கடிதமொன்றை ஆங்கில நாளேடொன்று பிரசுரித்தது. அதற்கெதிராக முறையிட்டபொழுது, பத்திரிகைப் பேரவை 2000ஆம் ஆண்டில் முறைப்பாட்டை நிராகரித்ததோடமையாது, முறையிட்டவரே பத்திரிகைக்குப் பணம் செலுத்த வேண்டுமெனவும் பணித்தது. 2004இல் ரொசானா பிளேமர் கல்தேரா நிறுவிய ‘ஈக்குவல் கிரவுண்ட்’ இன்றும் இயங்குகின்றது. மும்மொழியிலும் வெளியீடுகளைக் கொணர்ந்துள்ளது. திருநர் தமக்கெனத் தேசிய வலையமைப்பொன்றை அமைத்துள்ளனர். வடக்கிலே ‘யாழ்ப்பாணச் சங்கம்’ என்னும் அமைப்பு அண்மையிற் தோன்றி, 2022இல் யாழ் நகரில் நடைபவனியொன்றையும் நடாத்திற்று. கொழும்பை மையமாகக் கொண்ட, ஆங்கிலம் பேசுவோர் முன்னின்ற இயக்கமொன்று யாழ்ப்பாணத் தெருவிலே தமிழ்ப் பதாகையோடு நடப்பதற்கு ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள் சென்றுள்ளன. தாமதம் என்பதா, வளர்ச்சி என்பதா? இரண்டுமே என்பது நம் மதிப்பீடு.

ஆயின் அமைப்பொன்றின் வாயிற்படியை மிதிப்பது இளையோர் பலருக்கு இறுதிக் கட்டமே. அதற்கு முன்னர் அவர்கள் அணுகத்தக்க பொதுச்சேவைகள் சில உள்ளன. அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம், இலண்டன் தொலைபேசிச் சேவை தோன்றிய அதே 1974ஆம் ஆண்டில் இங்குத் தோன்றிய சுமித்திரயோ, யாழ்ப்பாணத்திற் சாந்திகம், யாழ் போதனா வைத்தியசாலையினதும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையினதும் உளநலப் பிரிவுகள் என்பன அத்தகையன. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அடியும் வதையும் அனுபவிக்கும்பொழுது சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929ஐயும், பெண்கள் 1938ஐயும் அழைக்கலாம். வழக்கென்று வரின் சட்ட உதவி ஆணைக்குழுவும், அரச அலுவலரின் நடத்தை பற்றியதாயின் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் உள்ளன. இவற்றுள் எதுவும் இப்பொருளுக்கென்றே அமைந்ததன்று. மறுமுனையிற் பேசுபவர் எத்தகைய பயிற்சியுடையவர் என்பதை அழைப்பவர் முன்னதாக அறியமாட்டார். ஆகவே பெயரையும் ஊரையும் கூறாமல், உறக்கமின்மை, வீட்டுச் சச்சரவு, மனச்சோர்வு என்று பொதுப்படத் தொடங்கி, கேட்பவரின் குரலை அளந்தபின் மேலே செல்லுதல் நன்று. ‘நீங்கள் இதை வேறு எவருக்கேனும் சொல்ல வேண்டியிருக்குமா?’ என்று முதலிலேயே கேட்டுவிடலாம். கேட்பதற்கு அவருக்கு உரிமையுண்டு.

திருநரைப் பொறுத்தவரை ஓர் அரச வழிமுறை தெளிவாகவே உள்ளது. சுகாதார அமைச்சு 2016இல் வெளியிட்ட சுற்றுநிருபத்தின்படி, உளமருத்துவ நிபுணரொருவரின் மதிப்பீட்டின்பேரிற் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம். அதனைக் கொண்டு பிறப்பத்தாட்சிப் பத்திரத்திற் பெயரையும் பாலையும் மாற்றப் பதிவாளர் நாயகத்தின் ஏற்பாடுண்டு. அதன்வழித் தேசிய அடையாள அட்டையும் மாறும். சோதனைச் சாவடிகளின் நிழலில் வளர்ந்த பிரதேசமொன்றில், முகமும் அட்டையும் பொருந்துதல் எத்துணை முக்கியம் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இங்கு ஒன்றை வற்புறுத்திக் கூறுதல் அவசியம். பிள்ளையின் இயல்பை ‘மாற்றித் தருவதாக’க் கூறும் சிகிச்சைகளும், மந்திரிப்புகளும், செபக்கூட்டங்களும், அவசரக் கலியாணங்களும் ஆதரவு ஆகா. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973இலும், உலக சுகாதார நிறுவனம் 1990இலும் ஒருபாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கின. திருநர் நிலையும் 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வகைப்பாட்டில் உளநோய்களின் அத்தியாயத்தில் இல்லை. நோயில்லாதவிடத்துச் சிகிச்சை என்பது வதையே. முன்னர்க் குறிப்பிட்ட சென்னை வழக்கு இவ்வகையில் மிக்க கவனத்துக்குரியது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்த இளம்பெண்கள் இருவர், பெற்றோரின் முறைப்பாட்டின்பேரில் நிகழ்ந்த பொலிஸ் விசாரணையிலிருந்து பாதுகாப்புக் கோரினர். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமக்கு இவ்விடயத்திற் போதிய தெளிவில்லை என வெளிப்படையாகக் கூறி, உளவியலாளர் ஒருவரிடம் தாமே பாடங்கேட்டார். பெற்றோரையும் பிள்ளைகளையும் ஆலோசனைக்கு அனுப்பினார். அதன்பின்னரே, மாற்றுச் சிகிச்சைகளைத் தடுப்பதும் பொலிசார், பாடசாலைகள், சிறைச்சாலைகள் கடைப்பிடிக்க வேண்டியனவுமான நெறிகளை வகுத்தார். அறியாததைக் கற்றுக்கொண்டு பின் தீர்ப்புரைத்த அம்முறை, தீர்ப்பைக் காட்டிலும் அரிது. இங்குள்ள மதகுருமாரும் பாடசாலை அதிபர்களும் முதலிற் தீர்ப்பை உரைத்துவிடுகின்றனர்.

பல்கலைக்கழகத்துக்கு வருவோம். முதன்முறையாக வீட்டைவிட்டுப் பிரிந்து விடுதியில் வாழும் பருவத்திலேதான் பலர் தம்மைத் தாம் அறிந்துகொள்கின்றனர். அதே பருவத்திலேதான் பகிடிவதைக்கும் ஆளாகின்றனர். நடையும் குரலும் ‘ஆண்மையாக’ இல்லாத புதுமுக மாணவன் எவ்வாறு தேர்ந்தெடுத்து வதைக்கப்படுகின்றான் என்பது விடுதியில் வாழ்ந்த எவரும் அறிந்ததே. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் உடற்காயத்தை மட்டுமன்றி, உளக்காயத்தையும் மனவேதனையையும் அச்சத்தையும் விளைவிப்பதையும் குற்றமாகக் கொள்கின்றது. அச்சட்டம் இம்மாணவனுக்கும் உரியது. இதை எடுத்துக்கூறும் விரிவுரையாளர் யார்? ஐக்கிய அமெரிக்காவில் ‘திரெவர் புரொஜெக்ற்’ 2019இல் நடாத்திய அளவீட்டில், தம்மை ஏற்றுக்கொள்ளும் பெரியவர் ஒருவரேனும் வாய்க்கப்பெற்ற இளையோர், அத்தகைய எவருமற்றோரைவிடத் தற்கொலைக்கு முயன்றதாகத் தெரிவித்தது 40 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரேயொரு பெரியவர், அவர் பெற்றவராகவே இருக்க வேண்டுமென்பதில்லை. மாணவ ஆலோசகர் எனப் பெயர்பலகையில் மட்டும் வீற்றிருப்போர் இதனைக் கருத்திற்கொள்ளலாம்.

மாணவனொருவன் இவ்விடயத்தை ஆசிரியரிடம் கூற முன்வரின், ஆசிரியர் செய்யத்தகாத முதற்காரியம் வீட்டுக்கு அறிவித்தல். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இக்காரியத்தினாற் படிப்பையும் வீட்டையும் ஒருங்கே இழந்தோர் உண்டு. யாருக்கு, எப்பொழுது, எவ்வளவு கூறுவது என்பதை அம்மாணவனே தீர்மானித்தல் வேண்டும். கூறுவதற்கு முன்னர், வீட்டார் சினந்தால் இரண்டு கிழமை தங்க எங்கே இடமுண்டு, கையிற் பயணச்செலவு உண்டா, சான்றிதழ்களும் அடையாள அட்டையும் யாரிடம் உள்ளன என்று அவனோடு சேர்ந்து சிந்திப்பது பத்து உபதேசங்களுக்கு மேலானது. முகமறியாதோருடன் கைத்தொலைபேசியில் ஏற்படும் நட்பையும் இவ்வாறே அறிவுறுத்தலாம்: முதற்சந்திப்பு பகலில், பொது இடத்தில், ஒரு நண்பருக்காவது தெரிவித்துவிட்டு, முகந்தெரியும் அந்தரங்கப் படங்களை அனுப்பாமல். பணம் பறிப்போர் அப்படங்களையே பிணையாக வைக்கின்றனர்.

நம் சங்கங்களும் துறைகளும் செய்யக்கூடியது யாது? பெருந்திட்டங்கள் தேவையில்லை. இலண்டனில் 1974இல் நடந்தது போன்று, பட்டியலொன்று வேண்டும்: வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் தமிழில் உரையாடக்கூடிய, ஏளனஞ் செய்யாத உளமருத்துவர், ஆற்றுப்படுத்துநர், சட்டத்தரணி ஆகியோர், அவர்தம் சம்மதத்தோடு, பிரதேசவாரியாக. சட்டத்தின் உண்மையான நிலையைக் கூறும் தமிழ்த் துண்டுப்பிரசுரம் ஒன்று வேண்டும். தமிழ்த்துறையினர் தமிழகப் பட்டியலை முன்வைத்து, ஈழத்துப் பேச்சுவழக்குக்கு இசையுமாறு சொற்களைச் செப்பஞ் செய்யலாம். மட்டக்களப்பாரும் மலையகத்தாரும் கேட்டமாத்திரத்தே விளங்கிக்கொள்ளும் சொல்லே வைத்தியசாலைப் பலகையில் நிற்கும். பெற்றோர் கூட்டமொன்றைத் தொடங்குதலே எல்லாவற்றினும் கடினம். ஆயினும் நியூயோர்க்கிலும் தொடங்கியவர் ஒரே ஆசிரியையே. உதவி நாடி இரவு பதினொரு மணிக்கு அழைப்பவருக்குத் தமிழிற் பதிலளிக்கப் பயிற்றப்பட்ட தொண்டர்கள் வேண்டும். உளவியலும் சமூகவியலும் பயிலும் இறுதியாண்டு மாணவரிடையே அவர்களைத் தேடுவது தக்கது.